கார்னெல் 1977: கச்சேரி பாதி, ஒலிநாடா பாதி

அமெரிக்க ராக் இசைக்குழுவான கிரேட்ஃபுல் டெட் 1965 முதல் 1995 வரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றைக் குறிப்பிடத் தேதி, ஊர், அரங்கம் மூன்றும் சொல்ல வேண்டும். ஒன்றுக்கு மட்டும் 'கார்னெல்' என்றால் போதும். 1977 மே 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. நியூயார்க் மாநிலத்தில் இத்தாகா என்ற ஊர், கார்னெல் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள பார்ட்டன் ஹால். அந்தக் கச்சேரி அதிகாரபூர்வமாக வெளிவர 40 ஆண்டுகள் ஆயின. அதற்கு முன்பே, 2011-ம் ஆண்டுக்கான பட்டியலில், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதைத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்துவிட்டது. கடையில் விற்காத ஒரு பதிவு நாட்டின் பாதுகாக்கப்பட்ட ஒலிச்செல்வமானது எப்படி என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

எங்கள் பார்வையில் இதற்கு மூன்று காரணங்கள். அந்த மாதத்தில் குழு இருந்த நிலை, பதிவாளர் செய்த மிக்ஸ் (ஒவ்வொரு கருவியும் குரலும் எவ்வளவு கேட்க வேண்டும் என்ற கலவை), அந்த ஒலிநாடா ரீல்கள் கை நழுவி வெளியே வந்த விதம். இதில் எது இல்லாமல் போயிருந்தாலும் கார்னெல் இன்னொரு நல்ல கச்சேரியாகவே இருந்திருக்கும்.

அந்த மே மாதம்

1974 அக்டோபரில் குழு சுற்றுப்பயணத்தை நிறுத்தியது. 'வால் ஆஃப் சவுண்ட்' என்று பெயர் பெற்ற மாபெரும் ஒலிபெருக்கி அமைப்பை ஊர் ஊராகத் தூக்கிச் செல்லும் செலவு அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1976 ஜூனில் திரும்பி வந்தபோது இரண்டாவது டிரம்மர் மிக்கி ஹார்ட்டும் கூட இருந்தார். இரண்டு டிரம்மர்கள் சேர்ந்தால் தாளம் கனக்கும், வேகம் மட்டுப்படும். 1976 பதிவுகளில் அது நன்றாகவே தெரிகிறது. 1977 தொடக்கத்தில் தயாரிப்பாளர் கீத் ஓல்சனுடன் ஸ்டுடியோவில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவரும் எதை, எப்போது வாசிக்க வேண்டும் என்பதை ஓல்சன் கறாராகப் பிடித்து வேலை வாங்கினார். அந்த ஒழுங்கு கையில் ஒட்டியிருந்த நிலையிலேயே வசந்தகாலச் சுற்றுப்பயணம் கிளம்பினார்கள்.

புதுப் பாடல்களும் இருந்தன. 'எஸ்டிமேட்டட் ப்ராஃபெட்' பிப்ரவரி 26 அன்றும், 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' மார்ச் 18 அன்றும் முதன்முதலாக மேடை ஏறியவை. அதாவது கார்னெல் வரும்போது இவற்றின் வயது சில வாரங்கள். பாட்டு கைக்கு வந்துவிட்டது, ஆனால் இன்னும் பழக்கமாகிவிடவில்லை. அந்த இடைப்பட்ட காலத்தில்தான் இந்தக் குழு சிறப்பாக வாசிக்கும். வேறு ஆண்டுகளிலும் ஒரு பாட்டு அறிமுகமான முதல் சில மாதங்களின் டேப்புகளைத் தேடிப் பிடிப்பது பலன் தரும்.

ரீலில் இருப்பது

முதல் பகுதி பதமான பகுதிதான், ஆனால் அதற்காக யாரும் கார்னெலைத் தேடுவதில்லை. ஒரு விதிவிலக்கு, அதன் கடைசிப் பாடலான 'டான்சிங் இன் தி ஸ்ட்ரீட்'. டிஸ்கோ சாயலில் மாற்றியமைத்த வடிவம், கால் மணி நேரத்தைத் தாண்டி ஓடுகிறது. ஜெர்ரி கார்சியாவின் கிதார் ஒரு கட்டத்தில் மெட்டை விட்டு முழுவதும் விலகிப் போகிறது. தாளம் மட்டும் அசையவில்லை.

இரண்டாம் பகுதி ஒரு வேண்டுகோளோடு தொடங்குகிறது. முன்வரிசையில் நிற்பவர்கள் நசுங்குகிறார்கள், எல்லோரும் ஓரடி பின்னால் போங்கள் என்று மேடையிலிருந்து கேட்கிறார்கள். எந்த ஆல்பத்திலும் வெட்டியெறியப்படும் துண்டு இது. ஆனால் கூடத்தின் நெரிசலும் கூட்டத்தின் மனநிலையும் அதில்தான் பதிவாகியிருக்கின்றன. அடுத்து வருவதை அந்தக் கூட்டத்துக்குள் நின்று கேட்கும்படி ஆகிவிடுகிறது.

அடுத்து வருவது 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்', அதிலிருந்து நிற்காமல் 'ஃபயர் ஆன் தி மவுண்டன்'. இரண்டும் சேர்ந்து 25 நிமிடத்துக்கு மேல். இந்த இணைப்பு இயல்பாக விழுவதற்கு இசைக் காரணம் உண்டு. இரண்டு பாடல்களுக்கும் ஆதார சுரம் ஒன்றே, மேற்கத்திய முறையில் 'பி' (B). 'ஃபயர்' முழுவதும் பி, ஏ என்ற இரண்டே கார்டுகளில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளில்) ஊஞ்சலாடும் பாட்டு. 'ஸ்கார்லெட்' முடிவில் வரும் ஜாமும் (மேடையிலேயே கற்பனையாக வாசித்து நீட்டும் பகுதியும்) அதே இடத்தில் மிதக்கிறது. ஆகவே சுருதி மாற வேண்டியதில்லை, தாளத்தின் நடை மட்டும் மாறினால் போதும். இந்த மாற்றத்தைக் கேட்க ஹெட்ஃபோன் வேண்டும். ஃபில் லெஷ்ஷின் பாஸை, அதாவது கீழ்ச்சுருதிக் கிதாரை, பின்தொடருங்கள். கிதார் இன்னும் பழைய பாட்டில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே பாஸ் புதுப் பாட்டின் வரியைத் தொட்டுத் தொட்டு விடுகிறது. டிரம்மர்கள் இருவரும் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். கார்சியா கடைசியில் வந்து சேர்கிறார். யாரும் சைகை காட்டி எண்ணித் தொடங்கியதாகத் தெரியவில்லை. ஒரு பாட்டு எந்த நொடியில் முடிந்து மற்றது எந்த நொடியில் பிறந்தது என்று கோடு கிழிக்க முடியாது. டிராக் பிரித்தவர்கள் ஆளுக்கொரு இடத்தில் வெட்டியிருப்பதும் அதனால்தான்.

கடைசியில் 'மார்னிங் டியூ', ஏறத்தாழ 14 நிமிடம். மிக மெல்லிய ஒலியிலிருந்து ஏறி ஏறி, கார்சியா தந்திகளை விரைவாக மீட்டிக்கொண்டே உச்சிக்குப் போகும் அந்தக் கடைசி மூன்று நிமிடத்தை ஸ்டுடியோவில் எத்தனை டேக் எடுத்தாலும் பிடிக்க முடியாது. எதிரே ஆயிரக்கணக்கானவர்கள் மூச்சுப் பிடித்து நிற்கும்போதுதான் அப்படி வாசிக்க வரும்.

அதிகாரபூர்வமற்ற பதிவுகளின் ஈர்ப்பு இங்கேதான் இருக்கிறது. நிறுவனங்கள் வெளியிட்ட நேரடி ஆல்பங்கள் பெரும்பாலும் பல இரவுகளிலிருந்து பொறுக்கித் தொகுத்தவை. ஸ்டுடியோவில் மேல்பூச்சும் உண்டு. இதே குழுவின் 'யூரோப் 72' ஆல்பத்தில் குரல்களைப் பின்னர் ஸ்டுடியோவில் மறுபடி பாடிச் சேர்த்தார்கள். அழகான ஆல்பம், சந்தேகமில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட இரவில் என்ன நடந்தது என்பதை அது சொல்லாது. கச்சேரி டேப் சொல்லும், தப்பிய வரியையும் சேர்த்து. மே 7 பாஸ்டன், மே 8 இத்தாகா, மே 9 பஃபலோ என்று அடுத்தடுத்த மூன்று இரவுகளை வரிசையாகக் கேட்டால், ஒரே குழு தன் கையிலிருப்பதை ஒவ்வொரு இரவும் எப்படி வேறுவிதமாக அடுக்கியது என்பது புரியும். அந்த ஒப்பீட்டுச் சுகத்துக்காகவே மக்கள் நூற்றுக்கணக்கில் டேப் சேர்க்கிறார்கள். அபூர்வம் என்ற பெருமை இரண்டாம் பட்சம்.

போர்டும் கூடமும்

அன்றைய இரவுக்கு இரண்டு வகைப் பதிவுகள் உண்டு. ஒன்று பார்வையாளர் பகுதியில் மைக் பிடித்து எடுத்த ஆடியன்ஸ் டேப். இது கச்சேரி முடிந்த சில காலத்திலேயே கைமாறத் தொடங்கிவிட்டது. மற்றொன்று குழுவின் பெண் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் (Betty) எடுத்த ரீல்.

சவுண்ட்போர்டு பதிவு, அதாவது அரங்கின் மிக்ஸிங் மேசையிலிருந்து நேராக எடுத்த பதிவு, என்றாலே உயர்ந்தது என்று புதிதாக வருபவர்கள் நினைக்கிறார்கள். அது தவறு. அரங்கத்தில் ஒலிபெருக்கி வழியாகப் போவது மட்டுமே போர்டில் இருக்கும். சிறிய கூடத்தில் கிதார் ஆம்ப்ளிஃபயர் மேடையிலிருந்தே கூடத்தை நிரப்பிவிடும். எனவே ஒலிபெருக்கியில் அதைக் குறைத்துத்தான் விடுவார்கள். அந்த மிக்ஸை அப்படியே டேப்பில் எடுத்தால் குரல் முகத்தில் வந்து அறையும், கிதார் எங்கோ கிணற்றுக்குள் கேட்கும். போர்டு டேப்புகளில் பாதியைக் கேட்கச் சலிப்பாக்குவது இந்தக் கோளாறுதான்.

பெட்டியின் பதிவுகள் இந்த வலையில் விழவில்லை. அவர் அரங்குக்குப் போகும் மிக்ஸை அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. மேடை மைக்குகளின் சிக்னலைப் பிரித்து எடுத்து, பதிவுக்கென்றே ஒரு தனி மிக்ஸை, ஹெட்ஃபோனில் கேட்டபடி, அந்தக் கணத்திலேயே இரண்டு டிராக்கில் போட்டார். ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகப் பதியும் மல்டிடிராக் கிடையாது, பின்னால் திருத்தும் வாய்ப்பும் கிடையாது. கையிலிருக்கும் ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை) பாட்டின் போக்குக்கு ஏற்ப நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். அடுத்து சோலோ யாருக்கு வரும் என்று தெரிந்த ஒருவரால்தான் அது முடியும். டிரம்மர்கள் இருவரும் தனித்தனியாகத் தெரிகிறார்கள், பாஸ் உருண்டையாக நிற்கிறது, கீத் காட்ஷோவின் பியானோ எதிலும் கரைந்துபோகவில்லை. 'பெட்டி போர்டு' என்ற சொல்லே தனி வகையாக நிலைத்ததற்கு இதுதான் காரணம். கார்னெலின் புகழில் பாதி அவருடையது என்று நாங்கள் தயங்காமல் சொல்வோம்.

ஆடியன்ஸ் டேப்பை இதனால் ஒதுக்கிவிடக் கூடாது. பார்ட்டன் ஹால் ராணுவப் பயிற்சிக்காகக் கட்டிய கூடம். உயரமான எஃகுக் கூரை, கல் சுவர். இசைக்கு உகந்த இடமே அல்ல. குறைந்த அதிர்வெண்கள் சுவரில் மோதித் திரும்பி வந்து குழம்பும். ஆனால் 'மார்னிங் டியூ' முடியும்போது கூட்டத்தின் இரைச்சல் கூரைக்கு எழும்புவதை மைக்கில்தான் கேட்க முடியும். போர்டில் அது தூரத்துச் சலசலப்பு.

ரீல்கள் வெளியே வந்த கதை

பெட்டி குழுவின் சம்பளப் பணியை விட்டு விலகிய பிறகு, அவருடைய ரீல்கள் ஒரு வாடகைச் சேமிப்பறையில் கிடந்தன. வாடகை பாக்கி விழுந்தது. 1986-ல் அறையின் பொருட்கள் ஏலத்துக்கு வந்தன. வாங்கியவர்கள் ஒருவர் அல்ல, பலர். ரீல்கள் பிரிந்து போயின. சில தொகுப்புகள் ஈரத்தில் கெட்டன. ஒரு தொகுதி விவரம் தெரிந்தவர்கள் கையில் சேர்ந்து, டிஜிட்டலுக்கு மாற்றப்பட்டு, 1980-களின் பிற்பகுதியில் சேகரிப்பாளர்களிடையே பரவியது. அதுவரை ஏழாம், எட்டாம் நகல் கேசட்டில் இந்தக் குழுவைக் கேட்டுப் பழகியவர்களுக்குத் திடீரென்று மூல ரீலுக்கு ஒரு படி மட்டுமே தள்ளிய ஒலி கிடைத்தது. கார்னெல் அந்த அலையில் வந்தது.

இதற்கு ஒரு விசித்திரமான பின்விளைவு உண்டு. 1993-ல் குழு தன் ஒலிநாடாக் கிடங்கிலிருந்து 'டிக்ஸ் பிக்ஸ்' என்ற வரிசையை வெளியிடத் தொடங்கியது. அதன் மூன்றாம் தொகுப்பு, ஃப்ளோரிடாவின் பெம்ப்ரோக் பைன்ஸில் நடந்த 1977 மே 22 கச்சேரி. அதே மாதம், அதே குழு. ஆனால் எல்லோரும் வெளியிடச் சொன்னது கார்னெல். மூல ரீல் கிடங்கில் இல்லாததால் வெளியிட முடியவில்லை. அதிகாரபூர்வப் பதிப்பு இல்லாத அந்த இடத்தைக் கைமாற்று டேப்பே நிரப்பியது. யாரும் யாருக்கும் விலை கொடுக்காமல், வெற்றுக் கேசட்டும் தபால் செலவும் மட்டும் போட்டுப் பகிர்ந்ததால் அது போகாத இடமில்லை.

குழுவின் போக்கும் இதற்குத் துணை நின்றது. ரசிகர்கள் பதிவு செய்வதை அவர்கள் பல ஆண்டுகளாகக் கண்டும் காணாமலும் இருந்தார்கள். 1984 அக்டோபரில் பெர்க்லியில் மிக்ஸிங் மேசைக்குப் பின்னால் டேப்பர்களுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கினார்கள். மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது என்பது விதி. 1969-ல் பாப் டிலனின் பதிவுகளோடு தொடங்கிய பூட்லெக் (அனுமதியில்லாத) இசைத்தட்டு வியாபாரம் வேறு ரகம். ரோலிங் ஸ்டோன்ஸின் 1969 நவம்பர் ஓக்லண்ட் கச்சேரி அப்படித்தான் தட்டாகி விற்றது. அடுத்த ஆண்டு அதே சுற்றுப்பயணத்திலிருந்து அதிகாரபூர்வ ஆல்பம் வந்தது. கலைஞரின் அனுமதியின்றி நேரடி நிகழ்ச்சியைப் பதிந்து விற்பதை அமெரிக்கச் சட்டம் 1994 முதல் குற்றமாக்கியிருக்கிறது. கிரேட்ஃபுல் டெட் தந்த சலுகை மற்றக் குழுக்களுக்குத் தானாகப் பொருந்தாது. ஒவ்வொரு குழுவின் கொள்கையையும் தனித்தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நகல்கள் எங்கே கெடுகின்றன

கையிலிருக்கும் கோப்பு எந்த வழியாக வந்தது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. 'சவுண்ட்போர்டு' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. ரீல், டிஜிட்டல் மாற்றம், கேசட் என்று வழித்தடம் முழுவதும் குறித்திருக்க வேண்டும்.

கேசட் நகலில் இரைச்சல் கூடுவதற்குக் கணக்கு உண்டு. ஒவ்வொரு நகலும் ஏறத்தாழ ஒரே அளவு இரைச்சலைச் சேர்க்கிறது என்று வைத்துக்கொண்டால், முதல் நகலில் 3 டெசிபல் ஏறும், மூன்றாம் நகலில் 6, ஏழாம் நகலில் 9. டால்பி பி என்ற இரைச்சல் குறைப்பு முறையைப் போட்டுப் பதிந்து, டால்பி இல்லாமல் ஓட்டி, மறுபடி டால்பி போட்டுப் பதிந்தால் இந்தக் கணக்கும் தவறும். சிம்பல் ஒலி ஒரு கணம் கூர்மையாகவும் அடுத்த கணம் மொட்டையாகவும் மாறி மாறிக் கேட்கும். அதைப் பிறகு சரிசெய்யவே முடியாது. டேப்பைப் படிக்கும் ஹெட்டின் கோணம் சரியில்லாமல் ஓட்டிய டேப்பில் உயர் அதிர்வெண்கள் மங்கும். இதற்கு மட்டும் மூலக் கேசட் கையில் இருந்தால் மருந்து உண்டு: இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டபடி, கோணத் திருகை மிக மெல்லத் திருப்பி, ஒலி அதிகப் பளிச்சென்று வரும் இடத்தில் நிறுத்துங்கள். அதன் பிறகே டிஜிட்டலாக மாற்றுங்கள்.

வேகக் கோளாறுதான் அதிகம் கவனிக்கப்படாதது. டேப் 1.5 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி ஏறத்தாழ 26 சென்ட் ஏறும், அதாவது அரைச் சுரத்தில் கால் பங்கு. 3 சதவீதம் என்றால் 51 சென்ட். 6 சதவீதத்தில் முழு அரைச் சுரமே ஏறிவிடும். காதுக்கு 'குழு இன்று உற்சாகமாக வாசிக்கிறது' என்று தோன்றும். உண்மையில் மோட்டார்தான் உற்சாகமாக ஓடியிருக்கிறது. சோதிக்க எளிய வழி, கீழ்ச்சுருதியில் ஒளிந்திருக்கும் மின்சார ஹம் (மின்கம்பி ரீங்காரம்). அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ். அமைதியான இடத்தை எடுத்து ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) பாருங்கள். 61.2-ல் முகடு தெரிந்தால் 2 சதவீதம் வேகம். ஆனால் அந்த ஹம் கச்சேரியில் பதிந்ததா, பிற்பாடு நகல் எடுத்தபோது சேர்ந்ததா என்பதையும் உறுதி செய்ய வேண்டும். இரண்டு முகடு அருகருகே இருந்தால் பெரும்பாலும் இரண்டாவது பிந்தியது. பியானோவின் சுருதியோடும் ஒப்பிட்டால் தெளிவாகும்.

டிஜிட்டல் யுகத்தின் நோய்கள் வேறு. யாரோ ஒருவர் எம்பி3 கோப்பை விரித்து, ஒலி இழக்காத வடிவமான ஃபிளாக்காக மாற்றிச் சுற்றில் விட்டிருப்பார். அளவு பெரிதாகும், ஒலி மீளாது. ஸ்பெக்ட்ரோகிராமில் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய கேசட்டிலும் மேல் அதிர்வெண் இருக்காது, ஆனால் அது படிப்படியாகத் தேயும், நேர்கோடாக நிற்காது. பாட்டு நிற்காமல் தொடரும் இந்தக் குழுவின் பதிவுகளில் டிராக் மாறும் இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால், டிராக்கை சிடி-யின் சட்டக எல்லையில் வெட்டவில்லை என்று பொருள். ஒரு சட்டகம் 588 சாம்பிள், நொடிக்கு 75 சட்டகம். மீதியை வெற்றால் நிரப்பிவிடுவதால்தான் அந்தச் சத்தம்.

இரண்டையும் இணைப்பது

போர்டின் தெளிவையும் கூடத்தின் காற்றையும் சேர்க்கும் பதிவை மேட்ரிக்ஸ் என்பார்கள். கார்னெலுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. செய்யும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும்.

இரண்டு பதிவையும் ஒரே சாம்பிள் வீதத்துக்கு, 24 பிட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நீண்ட பாட்டின் தொடக்கத்தில் ஒரு தெளிவான ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறு டிரம்) அடி, முடிவில் இன்னொன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை இரு பதிவிலும் அளந்து கொள்ளுங்கள். போர்டில் 900.0 நொடியும் ஆடியன்ஸில் 903.6 நொடியும் வந்தால் பின்னது 0.4 சதவீதம் மெதுவாக ஓடுகிறது. மறுசாம்பிள் செய்து வேகத்தைத் திருத்துங்கள். சுருதியை மாற்றாமல் நேரத்தை மட்டும் இழுக்கும் கருவி இதற்கு ஆகாது. டேப் வேகம் மாறும்போது சுருதியும் சேர்ந்தே மாறியிருக்கிறது.

பிறகு தாமதம். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 2.9 மில்லிசெகண்ட் ஆகும். மைக் ஒலிபெருக்கியிலிருந்து 20 மீட்டர் தள்ளி இருந்தால் 58 மில்லிசெகண்ட் பிந்தும். அந்த அளவுக்கு ஆடியன்ஸ் டிராக்கை முன்னே நகர்த்துங்கள். ஒரு மில்லிசெகண்ட் பிசகினாலும் 500 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழுந்து குரல் உள்ளீடற்றுப்போகும். 30-ஐத் தாண்டினால் ஸ்னேர் இரண்டு தடவை அடிக்கும். அனலாக் டேப்பின் வேகம் ஒரே சீராக இராது என்பதால் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஒருமுறை இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். ஆடியன்ஸ் டிராக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், பார்ட்டன் ஹாலின் சேறு அங்கேதான் இருக்கிறது. மிக்ஸில் அதன் பங்கு கால் பாகத்தைத் தாண்டாமல் பாருங்கள். பாட்டுக்கு இடையே மட்டும் சற்று ஏற்றினால் கூட்டம் உயிர்பெறும்.

டேப் திருப்பும் இடத்தில் விழுந்த ஓட்டையை மற்றப் பதிவைக் கொண்டு ஒட்டும்போதும் இதே ஒழுங்குதான். கைதட்டலில் ஒட்டினால் இரண்டு மூன்று நொடி குறுக்கு மங்கல் (ஒன்று மங்க மற்றது எழும் இணைப்பு). இசைக்கு நடுவில் என்றால் தாள அடியின்மீது 30 மில்லிசெகண்ட் போதும். ஒட்டிய இடத்தைத் தகவல் கோப்பில் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அடுத்தவர் அதை மூலம் என்று நம்பி அதன்மேல் வேலை செய்வார்.

2017-க்குப் பிறகு

ரீல்கள் ஒருவழியாகக் கிடங்குக்குத் திரும்பின. 2017 மே 5 அன்று கார்னெல் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. மே 5 நியூ ஹேவன், 7 பாஸ்டன், 8 கார்னெல், 9 பஃபலோ நான்கும் அடங்கிய 11 சிடி பெட்டியும் வந்தது. இந்தப் பதிப்பில் பிளான்ஜென்ட் முறை பயன்பட்டிருக்கிறது. பதிவு செய்யும்போது டேப்பில் செலுத்தும் காதுக்கு எட்டாத பயாஸ் அதிர்வெண்ணின் மிச்சத்தைக் கண்டுபிடித்து, அது அசையும் அளவைக் கொண்டே ரீல் ஓடிய வேகத்தின் நுண்ணிய நடுக்கத்தைத் திருத்துவார்கள். பழைய சுற்றில் வந்த நகலையும் இதையும் பியானோ நீண்டு ஒலிக்கும் இடங்களில் மாற்றி மாற்றிக் கேட்டால் வித்தியாசம் உடனே தெரியும். முன்னதில் சுரம் லேசாக அலைகிறது, இதில் அசையாமல் நிற்கிறது.

கார்னெல்தான் இந்தக் குழுவின் ஆகச் சிறந்த இரவா என்றால், எங்கள் பதில் இல்லை என்பதே. மறுநாள் பஃபலோவில் முதல் பாட்டிலிருந்தே தெரியும் துணிச்சல் கார்னெலின் முதல் பகுதியில் இல்லை. இரண்டாம் பகுதிக்கு மட்டும் கேட்டால் பதில் மாறும். அந்த 'ஸ்கார்லெட்', 'ஃபயர்' இணைப்புக்கு மேல் ஒன்றைச் சொல்வது கடினம். புதிதாகத் தொடங்குபவர் அதிகாரபூர்வப் பதிப்பின் இரண்டாம் பகுதியை முதலில் கேட்கலாம். அடுத்து அதே பகுதியை ஆடியன்ஸ் டேப்பில். பிறகு பஃபலோவை முழுதாக.